பெந்தோட்டை ஆற்று மோட்டார் படகுகள்: எதை அமர்த்தலாம், எதை விடலாம்

கொழும்பிலிருந்து விடியுமுன்னே வெளிக்கிட்டு, ஆற்றில் படகேறி, இரண்டு மூன்று கரைகளில் இறங்கிப் பார்த்து, இருட்டுவதற்குள் வீடு திரும்ப நினைப்பவர்களுக்குப் பெந்தோட்டை ஆறு நன்றாகப் பொருந்தும். காலி வீதியால் போனால் ஏறக்குறைய 60 கிலோமீற்றர். கரையோர ரயிலில் போவது இன்னும் நல்லது. அளுத்கம நிலையத்தில் இறங்கினால் ஆறு நடைதூரத்தில் இருக்கிறது. பெந்தோட்டை நிலையம் பாலத்துக்கு அடுத்த கரையில் இருந்தாலும் அங்கே நிற்கும் ரயில்கள் குறைவு, ஆகவே அளுத்கமவுக்கே ரிக்கற் எடுங்கள்.

ஆற்றைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. மெச்சவும் குறை சொல்லவும் இருப்பது அங்கே கிடைக்கும் படகுச் சேவைகளைப் பற்றித்தான். அவை மூன்று வகை. ஹோட்டல்கள் தங்கள் விருந்தினருக்காக ஓட்டும் படகுகள் ஒன்று. ஆற்றங்கரையில் வரிசையாக இருக்கும் நீர்விளையாட்டு நிலையங்களின் படகுகள் இரண்டாவது. சொந்தப் படகும் எஞ்சினும் வைத்திருக்கும் தனி ஓட்டிகள் மூன்றாவது. மூன்றிலும் வழமையாக விற்கப்படுவது ஒரே சரக்கு: ஒரு மணித்தியாலம் அல்லது இரண்டு மணித்தியால ‘ஆற்றுச் சபாரி’. கண்டல் காட்டுக்குள் ஒரு சுற்று, ஒரு கபரகொய்யா (நீர் உடும்பு), ஒரு முதலை, திரும்பிக் கரை. வெளிநாட்டுப் பயணிக்கு அது போதும். பிள்ளைகளையும் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போகும் கொழும்புக் குடும்பத்துக்கு அது போதாது. மணிக்கணக்கில் எடுத்தால் ஓட்டிக்கு எஞ்சினை விரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை, உங்களுக்கோ ஒரு கரையிலும் கால் வைக்க நேரமில்லை. அரை நாளுக்குப் பேசுங்கள். நாலு மணித்தியாலம், மூன்று நிறுத்தம், ஓட்டி உங்களுக்காகக் கரையில் காத்திருப்பார் என்று முதலிலேயே சொல்லி ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். சேவை நல்லதா இல்லையா என்பது இந்தப் பேச்சிலேயே பாதி தெரிந்துவிடும். நிறுத்தங்களைப் பற்றிக் கேட்டதும் எங்கே இறங்கலாம், எந்தப் படிக்கட்டு வழுக்கும், எந்த நேரம் தண்ணீர் வற்றும் என்று சொல்லத் தொடங்குபவர் ஆற்றை அறிந்தவர். ‘எல்லா இடமும் போகலாம்’ என்பவரை விட்டுவிடுங்கள்.

விலையை இங்கே எழுதிப் பயனில்லை, அது பருவத்துக்கும் பெற்றோல் விலைக்கும் ஏற்ப மாறும். நியாயமான விலையை நீங்களே கணக்குப் பார்க்கலாம். 15 குதிரைவலு இரண்டடி (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின் நிதானமான ஓட்டத்தில் மணிக்கு 3 முதல் 4 லீற்றர் குடிக்கும். முழு வேகத்தில் அது 6 லீற்றரைத் தாண்டும். நாலு மணித்தியாலப் பயணத்தில் எஞ்சின் உண்மையில் ஓடுவது இரண்டரை மணித்தியாலம்தான், எனவே 10 லீற்றர் போதும். அன்றைய பெற்றோல் விலையால் பெருக்கி, ஒயிலுக்குக் கொஞ்சம் சேர்த்து, ஓட்டியின் அரைநாள் கூலியையும் படகின் தேய்மானத்தையும் வைத்துப் பாருங்கள். கேட்கும் தொகை அதற்கு மிக மேலே நின்றால் பேரம் பேசலாம். மிகக் கீழே நின்றால் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் எங்கோ ஒன்று குறைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது உயிர்காப்பு அங்கியாக இருக்கும், அல்லது எஞ்சின் பராமரிப்பாக இருக்கும். விலை ஆளுக்கா, படகுக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள். படகுக்கு என்று பேசுவதே வழக்கம்.

காசு கொடுக்குமுன் படகைப் பாருங்கள். இரண்டு ஃபைபர் உடல்களை இணைத்து மேலே தட்டும் கூரையும் போட்ட அகலப் படகு வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்றது. ஒருவர் எழுந்து நின்றாலும் அது சரியாது. அதன் குறை, ஒடுங்கிய கண்டல் ஓடைகளுக்குள் திருப்புவது கடினம். ஒற்றை உடல் ஃபைபர் படகு எங்கும் நுழையும், ஆனால் ஆட்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் அதுவும் சாயும். ஒற்றை உடல் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 18 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 6 பேர், ஓட்டியையும் சேர்த்துத்தான். எட்டுப் பேரை ஏற்றப் பார்த்தால் இறங்கிவிடுங்கள். எல்லாரும் ஏறிய பிறகு படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு அடியாவது இருக்க வேண்டும்.

உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இருக்கிறதா என்று எண்ணுவது மட்டும் போதாது. உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். 50 நியூற்றன் என்றிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கானது. நீந்தத் தெரியாதவருக்குக் குறைந்தது 100 வேண்டும். எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்பதும் அதே சீட்டில் இருக்கும். பெரியவர்களின் அங்கியைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அங்கி மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். மாட்டி இறுக்கிய பிறகு தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். நாடி வரை ஏறினால் அது பெரிது. பழைய அங்கிகளில் உள்ளிருக்கும் நுரை நசுங்கிக் கட்டையாகிவிடும், விரலால் அமுக்கினால் மீண்டெழாது. அப்படிப்பட்டதைக் கூரையில் செருகி வைத்து ‘இருக்கிறது’ என்று காட்டும் நிலையம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

எஞ்சினைப் பார்ப்பதற்கு மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. ஓட்டச் சொல்லுங்கள். ஓடத் தொடங்கியதும் பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து நீர்த்தாரை பீச்சவேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தாரை மெல்லியதாகச் சொட்டினால், துளையில் மண் அடைத்திருக்கலாம், அல்லது பம்புக்குள் இருக்கும் ரப்பர்ச் சிறகு தேய்ந்திருக்கலாம். மணல் திட்டு உள்ள ஆற்றில் இந்தச் சிறகு சீக்கிரம் தேயும், விலையும் பெரிதில்லை. அதையே மாற்றாதவர் வேறு எதையும் மாற்றியிருக்க மாட்டார். அடுத்து, ஓட்டியின் மணிக்கட்டிலோ இடுப்பிலோ மாட்டும் சிவப்புச் சுருள் கயிறு. ஓட்டி தவறி விழுந்தால் அது இழுபட்டு எஞ்சின் நிற்கும். அதை எஞ்சினிலேயே சுற்றிக் கட்டி வைத்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. படகுக்குள் ஒரு சோடித் துடுப்பு, ஒரு நீளத் தடி, கயிறு கட்டிய நங்கூரம், தண்ணீர் இறைக்க ஒரு வாளி, இவை நாலும் இருக்க வேண்டும். உபகரணப் பையில் இரண்டு புதிய ஸ்பார்க் பிளக்கும், அதைக் கழற்றும் சாவியும், ஸ்டார்ட் கயிறு அறுந்தால் சுற்றி இழுக்க ஒரு மாற்றுக் கயிறும் இருந்தால் அந்த ஓட்டியோடு தயங்காமல் போகலாம்.

இரண்டடி எஞ்சினா, நாலடி எஞ்சினா என்று கேட்பவர்களுக்கு: பயணிக்கு நாலடிதான் சுகம். சத்தம் குறைவு, புகை குறைவு, பறவைகள் பறந்தோடாது. இரண்டடி எஞ்சின் எடை குறைந்தது, திருத்துவது இலகு, உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், அதனால் ஓட்டிகள் அதை விடமாட்டார்கள். அதில் பெற்றோலோடு ஒயிலைக் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்ற கலவை கேட்கும் எஞ்சினுக்கு 24 லீற்றர் தாங்கியில் 480 மில்லிலீற்றர் ஒயில் போகும். கூடினால் நீலப் புகையும் பிளக்கில் கரியும் வரும், குறைந்தால் பிஸ்டன் இறுகும். புறப்படும்போதே படகுக்குப் பின்னால் திரையாகப் புகை நின்றால், நாள் முழுக்க அந்தப் புகையைத்தான் குடிப்பீர்கள்.

புறப்படும் நேரம் காலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில். அப்போது நீர் கண்ணாடிபோலக் கிடக்கும். பதினொரு மணிக்குப் பிறகு கடற்காற்று எழும்பி, ஆறு அகலமாகும் கீழ்ப் பகுதியில் சிற்றலை கிளம்பும், தாழ்ந்த படகில் முன்னால் இருப்பவர் நனைவார். மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். திறந்த நீரில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லாததால் அந்த மாதங்களில் ஒரு மணிக்குள் கரை சேர்ந்துவிடுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. கடல் கொந்தளித்தாலும் ஆற்றில் ஓடலாம், ஆனால் ஆறு சிங்கராஜ வனப் பக்கத்து மலைகளிலிருந்து வருகிறது என்பது நினைவிருக்கட்டும். அளுத்கமவில் வெயில் எரித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை கீழே வந்து சேரும். தண்ணீர் செம்மண் நிறமாகி, வாழைத்தண்டும் மரக்கிளையும் மிதந்து வந்தால் அன்று போகாதீர்கள். பாதி மூழ்கிய மரம் எஞ்சினின் அடியில் சுழலும் விசிறியில் பட்டால் நடு ஆற்றில் நிற்பீர்கள்.

பாதையைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதி: முதலில் மேலே, பிறகு கீழே. எஞ்சின் பழுதானாலும் ஓட்டம் உங்களைத் திரும்பிக் கொண்டுவரும். எரிபொருளில் மூன்றில் ஒன்று போக, ஒன்று வர, ஒன்று கையிருப்பு. சில சேவைகள் முதலில் முகத்துவாரப் பக்கம் கூட்டிப்போய்க் கடலைக் காட்டும். பெந்தோட்டை ஆறு நேரே கடலில் விழாமல், ஒரு மணல் நாக்குக்குப் பின்னால் கரையோடு ஒட்டி ஓடிப் பிறகுதான் கடலைத் தொடுகிறது. முகத்துவாரத்தில் மணல் திட்டு அடிக்கடி இடம் மாறும், அலையும் ஆற்றோட்டமும் மோதும் இடத்தில் சின்னப் படகு எதிர்பாராமல் தூக்கி எறியப்படும். பிள்ளைகள் இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

பாலத்துக்கு மேலே போனதும் கண்டல் தொடங்கும். எஞ்சினைக் குறைக்கச் சொல்ல வேண்டிய இடம் இது. ஓட்டிகளில் பலர் சிங்களம் பேசுபவர்கள், ‘ஹெமின்’ என்றால் மெதுவாக, ‘நவத்தன்ன’ என்றால் நிறுத்துங்கள். இந்த இரண்டு சொல்லே நாளை நடத்திவிடும். நீரில் அமரும் பகுதி 16 அடி நீளமுள்ள படகு மணிக்கு 10 கிலோமீற்றரைத் தாண்டினால் பின்னால் பெரிய அலை இழுக்கும். அந்த அலை கண்டல் வேரடி மண்ணை அரிக்கும், கம்பு நட்டு வலை கட்டியிருப்பவரின் உழைப்பைக் கெடுக்கும், சின்னத் தோணியில் தூண்டில் போடுபவரைக் கவிழ்க்கவும் கூடும். மெதுவாகப் போனால்தான் மீன்கொத்தியும், சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகமும், கிளையில் தொங்கும் கபரகொய்யாவும் கண்ணில் படும்.

இங்கே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலைக் குட்டியையோ குரங்கையோ கையில் தந்து படமெடுக்கச் சொல்லும் ஆட்கள் ஆற்றில் நெருங்கி வருவார்கள். வாயைக் கட்டி, வெயிலில் கைமாறிக் கைமாறி அந்தக் குட்டி வதைபடுகிறது. முதலை நம் நாட்டில் சட்டத்தால் காக்கப்படும் உயிரினம். ‘குட்டி முதலையைத் தொடலாம்’ என்று சொல்லி விற்கும் சேவைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் கேட்டால் ஏன் வேண்டாமென்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

நிறுத்தங்களுக்கு வருவோம். தென்கரையில் இருக்கும் கலபாத்த விகாரை பழமையானது. கல்லில் செதுக்கிய வாசல் நிலையும் கல்வெட்டும் பார்க்கப் போதிய நேரம் கொடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுக்கக் கூடாது. போயா நாளில் கூட்டம் அதிகம், படகுகளுக்கும் கேள்வி கூடும். மேலும் உள்ளே போனால் ஆற்றோடு இணைந்த தெத்துவ ஏரி. அதன் கரையில்தான் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948 முதல் பல பத்தாண்டுகளாக உருவாக்கிய லுணுகங்கைத் தோட்டம் இருக்கிறது. அதைப் பார்க்க முன்பதிவு செய்ய வேண்டும். படகில் போய்க் கதவைத் தட்டினால் உள்ளே விடமாட்டார்கள். பதிவு செய்யாவிட்டாலும் ஏரியில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கால் மணித்தியாலம் மிதப்பது இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த பகுதி. நேரம் இறுக்கமானால் வேறெதையும் வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

திரும்பி வந்து அளுத்கமப் பக்கம் கரையேறினால் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் குறைவில்லை. திங்கட்கிழமை அளுத்கமவில் வாராந்தச் சந்தை, காய்கறியும் கருவாடும் மலிவு. தர்கா நகர் பக்கத்து முஸ்லிம் கடைகளில் தமிழிலேயே கதைக்கலாம், புரியாணியும் வட்டிலப்பமும் கேட்டு வாங்கலாம். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், அதற்கு முன்னோ பின்னோ போங்கள். களுவாமோதரைப் பக்கத்துக் கந்தே விகாரையின் உயர்ந்த புத்தர் சிலையைப் பார்க்க விரும்பினால் ஆட்டோ பிடித்துப் போவது நல்லது.

நல்ல ஓட்டியையும் சுமாரான ஓட்டியையும் கரை சேர்க்கும்போதுதான் பிரித்தறியலாம். நல்லவர் ஓட்டத்துக்கு எதிராக அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, திருப்பி, வேகத்தைக் குறைத்துச் சரிவாக நெருங்குவார். ஆற்றோட்டமே தடையாக இருந்து படகை மெதுவாக நிறுத்தும். சுமாரானவர் ஓட்டத்தோடு வந்து, கடைசி நேரத்தில் பின்னோக்கி விரட்டி, படிக்கட்டில் இடிப்பார். முகத்துவாரத்துக்கு அருகில் பெருக்கு நேரத்தில் ஓட்டம் மேல்நோக்கித் திரும்பும், அதனால் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று மிதக்கும் இலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முதலில் அணியக் கயிறு, பிறகு பின்கயிறு. நீர்மட்டம் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே அரை மீற்றர் அளவில் மாறக்கூடியதால், கயிற்றை இறுக்கிக் கட்டினால் ஒரு மணித்தியாலத்தில் படகு ஒரு பக்கம் தொங்கும். கொஞ்சம் தளர விடவேண்டும். எஞ்சின் நின்ற பிறகு, படகின் நடுவிலிருந்து ஒவ்வொருவராக இறங்குங்கள். படிக்கட்டில் பச்சைப் பாசி இருந்தால் கைபிடித்து இறங்குங்கள், ஆற்றங்கரையில் எலும்பு முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

பழுதுகள் சிலவற்றை அறிந்து வைத்தால் பதற்றம் இராது. ஐந்து பத்து நிமிடம் ஓடி எஞ்சின் இளைத்து நின்றால், முதலில் பெற்றோல் தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகாணி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் உள்ளே வெற்றிடமாகி, குழாயின் நடுவிலுள்ள ரப்பர் உருண்டை சப்பையாகியிருக்கும். திறந்து, உருண்டையை இறுகும்வரை அமுக்கினால் சரி. பொலித்தீன் பையோ வலைத்துண்டோ விசிறியில் சுற்றினால் எஞ்சின் உறுமும், படகு நகராது. நியூற்றலுக்குப் போட்டு, நிறுத்தி, எஞ்சினைத் தூக்கி வெட்டி எடுக்க வேண்டும். ஓடவிட்டபடி கையைக் கொண்டுபோகவே கூடாது. ஒன்றும் சுற்றாமலேயே எஞ்சின் மட்டும் உறுமினால் விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்கியிருக்கிறது. மிகக் குறைந்த வேகத்தில் அது இன்னும் பிடிக்கும், அப்படியே ஊர்ந்து திரும்பலாம். மணலில் ஏறினால் பின்னோக்கி விரட்டுவது பெரும் தவறு. பம்ப் மணலை உறிஞ்சி அந்த ரப்பர்ச் சிறகைத் தின்றுவிடும். எஞ்சினைத் தூக்கி, ஆட்களை மணலில் தட்டாத பக்கம் நகர்த்தி, தடியால் தள்ள வேண்டும். நீண்ட நேரம் மெதுவாக ஓடிய இரண்டடி எஞ்சின் முக்கி முக்கி நின்றால் பிளக்கில் ஒயில் படிந்திருக்கிறது, மாற்றுப் பிளக் இரண்டு நிமிட வேலை. இதெல்லாம் ஓட்டியின் வேலைதான், ஆனால் அவர் சரியாகச் செய்கிறாரா என்று நீங்கள் பார்க்கலாம். அவசரமென்றால் அம்புலன்சுக்கு 1990.

கொழும்புக்கு இன்னும் கிட்டவே வேண்டுமென்றால் வத்தளை ஹெக்கித்தையிலிருந்து நீர்கொழும்புக் களப்பை நோக்கி ஓடும் ஹெமில்டன் கால்வாய் உண்டு. ஆங்கிலேயர் 1802-ல் தொடங்கி 1804-ல் முடித்த 14.5 கிலோமீற்றர் நீர்வழி. முத்துராஜவெலச் சதுப்பைப் பார்க்கப் பமுணுகமப் பக்கத்திலிருந்து படகு எடுக்கலாம். பறவைகளுக்கு அது நல்ல இடம், ஆனால் ஆகாயத்தாமரை அடைக்கும் நேரங்களில் விசிறி நகராது, இறங்கி ஊர் பார்க்கும் பயணமாகவும் அது அமையாது. போல்கொட ஏரி நீண்ட நேரம் சும்மா மிதக்க ஏற்றது.

மூன்று வகையில் எதைத் தெரிவு செய்வது? நீந்தத் தெரியாத பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போகும் குடும்பம், சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவுச் சான்றிதழை மாட்டி வைத்திருக்கும் நீர்விளையாட்டு நிலையமொன்றின் இரட்டை உடல் படகை அரை நாளுக்கு எடுக்கலாம். விலை கொஞ்சம் கூட, ஆனால் படகு பழுதானால் இன்னொரு படகு தேடி வரும். நாலைந்து பெரியவர்கள் மட்டும் என்றால், மேலே சொன்ன சோதனைகளில் தேறும் தனி ஓட்டியே முதல் தெரிவு. அவருக்கு ஓடைகள் தெரியும், அவசரமும் இல்லை. ஹோட்டல் படகு வசதியானது, சுத்தமானது, ஆனால் நேரத்தை ஹோட்டலே தீர்மானிக்கும், அதனால் அங்கே தங்குபவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். எதை எடுத்தாலும் முற்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல், தொப்பி, கைத்தொலைபேசிக்கு நீர்புகாப் பை, பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு ஒன்று எடுங்கள். பிற்பகல் கொழும்புக்குத் திரும்பும் ரயிலின் நேரத்தைக் காலையில் அளுத்கம நிலையத்தில் இறங்கும்போதே பலகையில் பார்த்து, கரையேற வேண்டிய நேரத்தை ஓட்டியிடம் சொல்லிவிடுங்கள்.